மூணு நட்சத்திர மருமவன்

ஏ மருமவனே, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாக்கேன். காலமெல்லாம் ஊர்ப் பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் கொடுத்த கெழவன்தான் நான். அதுக்காக ஒன் லாஜிஸ்டிக் ரெக்ரெஷனைக் கண்டு மெரண்டுருவேன்னு நெனைக்காத. 1944ல ஜோசப் பெர்க்சன் 'லாஜிட்'னு அதுக்குப் பேரு வச்சாரு. 1958ல டேவிட் காக்ஸ் முறைப்படி எழுதிப் போட்டாரு. அந்தப் பேருக்கும் எனக்கும் மூணு வயசுதான் வித்தியாசம். கூடப்பொறந்தவன் மாதிரி பழக்கம்.

சரி, திரையில என்னமோ மினுமினுங்குதே. 'பெண்'ணுக்கு எதிர்ல 1.404. பக்கத்துல மூணு நட்சத்திரம். அதைக் கண்டதும் ஒனக்கு மொகமெல்லாம் பல்லு. கீழ ஒரு வாக்கியமும் எழுதி வச்சிருக்க: 'டைட்டானிக் கப்பலில் பெண்கள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஆண்களைவிட நான்கு மடங்கு.' அடேயப்பா! இலக்கணம் சுத்தம், சந்திப்பிழை கெடையாது. கணக்கு மட்டும்தான் ரெண்டு எடத்துல நொண்டுது.

டேட்டாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். 1912 ஏப்ரல் 15 விடியுமுன்ன 2.20க்கு முங்கின கப்பல். பிரிட்டிஷ் வர்த்தக வாரியம் சேத்த எண்ணிக்கையை வச்சு 1995ல ராபர்ட் டாசன் ஒழுங்குபடுத்திக் கொடுத்தது, ஆர் மென்பொருளுக்குள்ளயே கெடக்கு. மொத்தம் 2,201 பேரு, பிழைச்சது 711. நீ சிப்பந்திகளை ஒதுக்கிட்டு, பயணிகள் 1,316 பேரை மட்டும் எடுத்திருக்க. சிப்பந்திகள்ல பொம்பளையாளு 23 பேருதான். ஒதுக்கினதுல எனக்கு வருத்தமில்ல.

இப்ப ஒரு வேலை செய். அந்த மாடலை மூடு. ஒன் அத்தை பால் கணக்கு எழுதுற நோட்டுல ஒரு தாளைக் கிழி, அவ பாக்காம கிழி. நான் சொல்லச் சொல்ல எழுது. முதல் வகுப்பு: ஆம்பளை 180, பிழைச்சது 62, பொம்பளை 145, பிழைச்சது 141. ரெண்டாம் வகுப்பு: ஆம்பளை 179ல 25, பொம்பளை 106ல 93. மூணாம் வகுப்பு: ஆம்பளை 510ல 88, பொம்பளை 196ல 90. எழுதிட்டியா? ஆறே கட்டம். ஒன் மாடலுக்குள்ள இருக்கிற அம்புட்டும் இந்த ஆறு கட்டத்துக்குள்ள அடக்கம். பாலினம், வகுப்பு, ரெண்டுக்கும் இன்டராக்‌ஷன்னு ஆறு கோஎஃபிஷியன்ட் போட்டிருக்க. ஆறு கட்டத்தை ஆறு நம்பரா மாத்தி எழுதியிருக்க, அவ்வளவுதான். இதுக்கு ஃபேனு சுத்தச் சுத்த கம்ப்யூட்டர் ஓடணுமாக்கும்.

முதல் நொண்டல். மூணாம் வகுப்புப் பொம்பளைகள்ல பிழைச்சது 90, செத்தது 106. வகுத்தா 0.85. அதுதான் ஆட்ஸ். ஆம்பளைகள்ல 88க்கு 422, அது 0.21. ஒண்ணை ஒண்ணால வகுத்தா 4.07. அதுக்கு லாக் எடுத்தா ஒன் 1.404 வந்து நிக்கும். ஆக, நாலு மடங்குங்கறது ஆட்ஸ். வாய்ப்புன்னு ஊரு உலகம் சொல்றது நூத்துல எத்தனை பேருங்கறதை. அந்தக் கணக்குல பொம்பளை 46, ஆம்பளை 17. மடங்கு பாத்தா 2.7 கூட வரல. நாலுன்னு எழுதி பேப்பர்காரனுக்குக் கொடுத்தா அவன் கொட்டை எழுத்துல போடுவான். படிக்கிறவன் எல்லாரும் தப்பாத்தான் புரிஞ்சுக்கிடுவான். நீ பொய் சொல்லலன்னு கோர்ட்டுல தப்பிச்சுக்கலாம், எங்கிட்ட முடியாது.

ரெண்டாவது நொண்டல்தான் பெரிசு. அந்த 4.07ஐ எங்க இருந்து எடுத்தோம்? மூணாம் வகுப்புல இருந்து. அப்ப மத்த ரெண்டு வகுப்புப் பொம்பளையாளுக எங்க போனாவ? படகுல ஏறிப் போயிட்டாவ, ஒன் வாக்கியத்துல ஏறல. மாடலுக்குள்ள இன்டராக்‌ஷன் ஒண்ணு நுழைஞ்சிட்டா, 'பெண்'ணுக்கு எதிர்ல தனியா நிக்கிற நம்பரு கப்பல் முழுசுக்கும் உள்ளதில்ல. அடிப்படை வகுப்புன்னு நீ எதை வச்சியோ, அந்த வகுப்புப் பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுந்தான் அது. மூணாம் வகுப்பை அடிப்படையா வச்சது யாரு? "நாந்தான் மாமா, அதுலதான ஆளு ஜாஸ்தி"ங்கிற. நல்ல காரணந்தான். இப்ப முதல் வகுப்பை அடிப்படையா மாத்திப் போட்டு ஓட்டு பாப்போம்.

வந்துச்சா? 1.404 இருந்த எடத்துல 4.206. மடங்காக்கினா 67. ரெண்டாம் வகுப்பை வச்சா 44. அதே கப்பல், அதே பிணம், அதே மாடல். லாக்-லைக்லிஹுட் ஒரு புள்ளிகூட அசையல. ஆறு கட்டத்துக்கும் கணிக்கிற சதவீதமும் அசையல. ஒன் தீர்ப்பு மட்டும் நாலுல இருந்து அறுபத்தேழுக்குத் தாவிருச்சு. வகுப்பே பாக்காம எல்லாரையும் ஒரே சாக்குல போட்டுக் குலுக்கினா 10.4 வரும், அதையும் ஒருத்தன் எழுதுவான். நாலு பேரு நாலு நம்பர் எழுதி, நாலு பேருக்கும் மூணு மூணு நட்சத்திரம். ஓட்டல்காரன்கூட இப்படி வாரி வழங்க மாட்டான்.

இன்டராக்‌ஷன்னா என்னன்னு ஒனக்கு நான் சொல்லணுமா? மானாவாரிக் காட்டுல யூரியா போடுறவனைக் கேளு. மழை பேஞ்ச வருசம் போட்டா பச்சைக் கட்டும். காஞ்ச வருசம் போட்டா பயிரு கருகும். யூரியாவால எவ்வளவு லாபம்னு மழையைச் சொல்லாம கேட்டா அவன் ஒன்னைப் பாத்துச் சிரிப்பான்.

இப்ப ரெண்டாம் வகுப்புக்கு வா. மூணாம் வகுப்பு அடிப்படையா இருந்தப்ப ரெண்டாம் வகுப்புக்கு மைனஸ் 0.250. நட்சத்திரம் இல்ல. ஒடனே நீ என்ன பண்ணியிருக்க? 'ரெண்டாம் வகுப்புக்கு விளைவு இல்லை'ன்னு எழுதிட்டு, அடுத்த மாடல்ல அந்த வரியையே தூக்கிரலாமான்னு ஓரத்துல குறிப்பு வேற. தூக்கினா ஒன் கையைத்தான் ஒடிக்கணும். அந்த மைனஸ் 0.250 ஆம்பளைக்கு மட்டும் உள்ளது: ரெண்டாம் வகுப்பு ஆம்பளை நூத்துக்கு 14, மூணாம் வகுப்பு ஆம்பளை நூத்துக்கு 17. ஆமா, காசு கூடக் கொடுத்து ரெண்டாம் வகுப்புல வந்தவன் மூணாம் வகுப்புக்காரனைவிடக் கொஞ்சம் மோசம். பொம்பளைக்குப் பாக்கணும்னா அந்த மைனஸ் 0.250ஓட, ரெண்டாம் வகுப்பையும் பெண்ணையும் சேத்த வரியில உள்ள 2.382ஐக் கூட்டணும். 2.132. மடங்காக்கினா 8.4. நூத்துக்கு 46 இருந்தது 88 ஆகுது. அதே ரெண்டாம் வகுப்பு டிக்கெட்டு ஆம்பளையைக் கொஞ்சம் கீழ தள்ளுது, பொம்பளையை மேல தூக்குது. நீ பெண்ணை அடிப்படையா வச்சிருந்தா அந்த வரிக்கே மூணு நட்சத்திரம் விழுந்திருக்கும். இன்டராக்‌ஷனை வச்சுக்கிட்டு அதுக்கு அடியில உள்ள வரியைப் பிடுங்குறது கூடாதுன்னு ஜான் நெல்டர் 1977லயே சொல்லிட்டாரு. நீ பொறக்கவே இல்ல அப்ப. ஒங்கப்பன் அரை டவுசர் போட்டுக்கிட்டு எங்கிட்ட வாய்ப்பாடு ஒப்பிச்சிட்டு இருந்தான், அதுவும் தப்புத் தப்பா.

அடுத்து இந்த 2.802. முதல் வகுப்பும் பெண்ணும் சேந்த வரி. மடங்காக்கினா 16.5. அதைப் பாத்துட்டு 'முதல் வகுப்புப் பெண்களுக்கு 16 மடங்கு வாய்ப்பு'ன்னு எழுதிட்டியே, யாரைவிடடா 16 மடங்கு? சொல்லு பாப்போம். முழிக்கிற. முதல் வகுப்பு ஆம்பளையைவிடவா? அது 67. மூணாம் வகுப்புப் பொம்பளையைவிடவா? அது 35.25ஐ 0.85ஆல வகுத்தா வருது, 41க்கு மேல. மூணாம் வகுப்பு ஆம்பளையைவிடவா? 0.924, 1.404, 2.802 மூணையும் கூட்டு; 5.13, அது 169 மடங்கு. அப்ப 16.5க்கு ஆளே இல்ல! அது எந்த ஆளையும் எந்த ஆளோடயும் ஒப்பிடல. முதல் வகுப்புல உள்ள 67ஐ மூணாம் வகுப்புல உள்ள 4.07ஆல வகுத்தது. மடங்குக்கு மடங்கு. இதைத் தனியா எடுத்து ஒரு மனுசனுக்கு விளக்குறது எனக்கே முடியாது, நான் கணக்கு வாத்தி. முடியாததை ஏன் அட்டவணையில தடிச்ச எழுத்துல போட்டு வச்சிருக்க?

வயசையும் சேக்கப் போறேன்னு நேத்து சாப்பிடும்போது சொன்னியே. வயசை அப்படியே போட்டு, வயசுக்கும் பாலினத்துக்கும் இன்டராக்‌ஷன் வச்சா, 'பெண்' வரியில வர்ற நம்பரு பூஜ்ஜியம் வயசுக்காரிக்கு உள்ளது. அந்தக் கப்பல்ல அதுக்குத் தோதா இருந்தது மில்வினா டீன், ரெண்டு மாசக் கைப்பிள்ளை, மூணாம் வகுப்பு. பிழைச்சு 2009 வரைக்கும் இருந்தாவ. அந்த ஒரு பிள்ளைக்காக மெயின் எஃபெக்ட் எழுதப் போறியா? வயசுல இருந்து முப்பதோ சராசரியோ கழிச்சுட்டுப் போடு. மாடல் மாறாது, படிக்கிறவனுக்கு அர்த்தம் மாறும்.

இனிமேத்தான் எனக்குச் சுவாரசியமான எடம். காப்பி வந்தா வாங்கி வையி.

ஒரு சின்னக் கேள்வி கேக்கேன். பொம்பளையாப் பொறந்தது எந்த வகுப்புல ரொம்பக் கைகொடுத்துச்சு, முதல் வகுப்புலயா, ரெண்டாம் வகுப்புலயா? நீ ஒடனே 67, 44ன்னு பாத்து "முதல் வகுப்பு மாமா"ங்கிற. நான் சதவீதத்தைக் கழிச்சுப் பாக்கேன். முதல் வகுப்புல பொம்பளை 97, ஆம்பளை 34, வித்தியாசம் 63. ரெண்டாம் வகுப்புல 88, 14, வித்தியாசம் 74. அப்ப ரெண்டாம் வகுப்பு! சரி, வகுத்துப் பாப்போமா? முதல் வகுப்புல 2.8 மடங்கு, ரெண்டாம் வகுப்புல 6.3 மடங்கு. இதுலயும் ரெண்டாம் வகுப்புதான். இன்னொண்ணு பாரு: மூணாம் வகுப்புல மடங்கு 2.7ன்னு பாத்தோமே, முதல் வகுப்புல 2.8. இந்தக் கோலை வச்சு அளந்தா முதல் வகுப்புக்கும் மூணாம் வகுப்புக்கும் நடுவுல இன்டராக்‌ஷனே காணோம். ஆட்ஸை வச்சு அளந்தா 67க்கும் 4க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எது நெசம்? எல்லாம் நெசம். அளக்கிற கோலைச் சொல்லாம 'இன்டராக்‌ஷன் இருக்கு', 'இல்ல'ன்னு சொல்றவன்தான் ஏமாத்துறான்.

ஆட்ஸுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லிருதேன். பிழைச்சதை எண்ணினாலும் செத்ததை எண்ணினாலும் அது தலைகீழாத் திரும்புமே தவிர அளவு மாறாது. சதவீத மடங்கு அப்படியில்ல. முதல் வகுப்புல சாவை எண்ணிப் பாரு: ஆம்பளை நூத்துக்கு 66, பொம்பளை 3. இருபத்தி மூணு மடங்குக்கு மேல. மூணாம் வகுப்புல 83க்கு 54, ஒண்ணரை மடங்கு. பிழைச்சதை எண்ணினப்ப ரெண்டு வகுப்பும் ஒண்ணு மாதிரி, செத்ததை எண்ணினா ஏணி வச்சாலும் எட்டல. அதனால ஆட்ஸைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லல.

ஆனா ஆட்ஸ் உச்சிக்குப் போனா ஆட்டம் போடும். முதல் வகுப்புப் பொம்பளை 145ல செத்தது நாலே நாலு. 141ஐ நாலால வகுத்துத்தான் அந்த 35.25. இப்ப ஒரு வெளையாட்டு. அந்த நாலை ஆறாக்கு. இன்னும் ரெண்டு பேரு படகு ஏறலன்னு வச்சுக்கோ. 139ஐ ஆறால வகு, அதை ஆம்பளையோட 0.525ஆல வகு. என்ன வருது? 44.1. ரெண்டாம் வகுப்புல உள்ளதும் 44.1. முடிஞ்சுபோச்சு! 67ன்னு நீ மெரட்டின முதல் வகுப்பு, ரெண்டு பேரு கால் தயங்கினதுல ரெண்டாம் வகுப்போட சமமாயிருச்சு. சதவீதத்துல பாத்தா 97.2, 95.9 ஆகுது, அம்புட்டுத்தான். உண்மையிலயே ஒரு அம்மா, ஐடா ஸ்ட்ராஸ், படகுல எடமிருந்தும் புருசனை விட்டுட்டு வர மாட்டேன்னு நின்னு கப்பலோட போனாவ. அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு பேரு முடிவுல ஒன் 67 ஏறி எறங்கும். 67க்கும் 44க்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஸ்டாண்டர்ட் எரர் போட்டுப் பாத்தா ஒரு நட்சத்திரம்கூட விழாது. நான் கையால போட்டேன்: லாக் வித்தியாசம் 0.42, எரர் 0.64. எரர்ல பெரும்பங்கு அந்த நாலு பேருகிட்ட இருந்து வருது.

இன்டராக்‌ஷனே போடாத மாடல்லயும் இந்த வெளையாட்டு உண்டு. ஏதோ ஒண்ணு ஆட்ஸை ரெட்டிப்பாக்குதுன்னு வையி. நூத்துக்கு 50ல இருந்தவன் 67க்குப் போவான், பதினேழு பேரு லாபம். 95ல இருந்தவன் 97.4க்குப் போவான், ரெண்டரைப் பேருகூட இல்ல. கோஎஃபிஷியன்ட் ஒண்ணுதான், ஆளுக்கு ஆளு பலன் வேற. சுன்ராங் ஐயும் எட்வர்ட் நார்ட்டனும் 2003ல இதை எழுதினாவ: இன்டராக்‌ஷன் வரியில உள்ள நம்பரோட அளவு மட்டுமில்ல, கூட்டல் கழித்தல் குறிகூட நிகழ்தகவுல மாறி நிக்கலாம்னு. அதுக்கப்புறமும் வரியைப் பாத்தே வாக்கியம் எழுதுற ஆளுக கொறையல. எனக்குத் தெரிஞ்சு இதே திண்ணையில ஒருத்தன் ஒக்காந்திருக்கான்.

ஒனக்குக் கோவம் வருது. வரட்டும். இன்னும் ஒண்ணு, இது மாடலுக்கு வெளிய உள்ளது. கேப்டன் ஸ்மித் சொன்னது பொம்பளை, பிள்ளைகளை ஏத்தச் சொல்லி. இடதுபக்கம் நின்ன அதிகாரி லைட்டோலர் அதைப் பொம்பளை, பிள்ளைக மட்டுந்தான்னு எடுத்துக்கிட்டாரு. ஆம்பளை வந்தா திருப்பி அனுப்புனாரு. வலதுபக்கம் நின்ன அதிகாரி மர்டாக், முதல்ல அவுக, எடமிருந்தா ஆம்பளையும் ஏறுன்னாரு. ஒரே உத்தரவு, ரெண்டு பக்கம், ரெண்டு பலன். ஆம்பளைக்கு எந்தப் பக்கம் நின்னாங்கறது உயிரு பிரச்னை. ஒன் டேட்டாவுல 'எந்தப் பக்கம்'னு ஒரு பத்தி இருக்கா? இல்ல. இருக்கிற இன்டராக்‌ஷனை எல்லாம் பிடிச்சுட்டேன்னு மார் தட்டாத.

மூணாம் வகுப்புக்கு ஏன் அந்தக் கதின்னும் நம்பரு சொல்லாது. கப்பல்ல இருந்தது 20 படகு, 1,178 பேருக்குத்தான் எடம். கப்பல் முங்கினதை மெர்சி பிரபு லண்டன்ல விசாரிச்சு, மூணாம் வகுப்பை யாரும் அநியாயமா நடத்தலன்னு எழுதினாரு. மூட்டை முடிச்சை விட மனசில்லாம தயங்கினாவ, அவுக தங்கின எடம் கப்பலோட ரெண்டு கோடியிலயும் இருந்துச்சுன்னு காரணம் சொன்னாரு. அந்த விசாரணையில மூணாம் வகுப்புப் பயணி ஒருத்தரைக்கூடச் சாட்சி சொல்லக் கூப்பிடல. கூப்பிடாமலே எப்படித் தெரிஞ்சுச்சுன்னு நான் கேட்டா, ஒன் அத்தை 'ஒங்களுக்கு எதுலதான் குத்தம் தெரியாது'ம்பா. 2.802ஐ வச்சு மெர்சி பிரபு சொன்னது சரின்னும் சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது. தூரமா, தயக்கமா, பூட்டுன கதவா, எல்லாமா, அது மாடலுக்குத் தெரியாது. அது கண்டதெல்லாம் ஆறு கட்டந்தான்.

சரி, காப்பி ஆறுது, குடி. ராத்திரி ஒக்காந்து இந்தப் பக்கத்தைத் திருத்திரு. கோஎஃபிஷியன்ட் அட்டவணையைப் பின்னால தள்ளு. எது அடிப்படை வகுப்புன்னு அதுக்கு மேல எழுது. முன்னால ஆறு சதவீதமும் வரட்டும், ஒவ்வொண்ணுக்கும் நம்பக வரம்போட; வரம்பு இல்லாத சதவீதத்தை நான் படிக்க மாட்டேன். வகுப்புக்கு வகுப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தல்ல ஒரு தடவை, ஆட்ஸ்ல ஒரு தடவை போடு. ரெண்டும் ஒத்துப்போகாத எடத்துல ஒத்துப்போகலன்னு ஒளிக்காம எழுது. இன்டராக்‌ஷன் இருக்கான்னு பாக்க ஒத்தை வரி நட்சத்திரத்தை எண்ணாத. அந்த வரிகள் உள்ள மாடலையும் இல்லாத மாடலையும் மொத்தமா ஒப்பிடு. எல்லாத்துக்கும் மேல முதல் வரியா இதைப் போடு: முதல் வகுப்புப் பெண்கள் 145 பேரில் 4 பேர் இறந்தார்கள், மூன்றாம் வகுப்புப் பெண்கள் 196 பேரில் 106 பேர்.